லேயிலிருந்து ஊருக்கு ஃபிளைட்: தனி பைக் பயணத்தோட கடைசி நாளை எங்கே வைக்கறது?

ஆகஸ்ட் 2, காலை 7.40
வாசகர் ஒருத்தரோட கேள்வி:

"அக்கா, செப்டம்பர் முதல் வாரம் லடாக்ல, லேயில பைக் வாடகைக்கு எடுத்துத் தனியா சுத்தப் போறேன். முதல்ல நுப்ரா பள்ளத்தாக்கு, துர்துக் கிராமம், கடைசியில பாங்காங் ஏரி. கடைசி நாள் காலையில பாங்காங்ல கிளம்பி, சாங் லா கணவாய் ஏறி இறங்கி, சாயங்காலம் லேயில வண்டியை ஒப்படைச்சிடலாம்னு இருக்கேன். மறுநாள் காலையில டெல்லி ஃபிளைட், அங்கிருந்து சென்னை. மொத்தம் 160 கி.மீ. தானே, அஞ்சு மணி நேரம். கடைசி நாளை லேயிலயே உட்கார்ந்து வீணடிக்க மனசு வரலை. சரியா வருமா?"

ஆகஸ்ட் 2, காலை 9.15

வேண்டாம் தம்பி. பிளானை மாத்துங்க.

160 கி.மீ.ன்னா சென்னையிலிருந்து விழுப்புரம். ஆனா இந்த 160-க்கு நடுவுல 5,300 மீட்டருக்கு மேல உயரத்துல சாங் லா நிக்குது. அஞ்சு மணி நேரங்கறது ரோடு திறந்திருந்தா, பனி விழலைன்னா, எதிர்ல ராணுவ லாரி வரிசை வரலைன்னா, பஞ்சர் ஆகலைன்னா வர்ற கணக்கு. நடுவாந்திர நாள்ல இதுல ஒண்ணு பிசகினா வெறும் தாமதம். வழியில ஏதாவது ஒரு வீட்டுல படுத்துட்டு மறுநாள் கிளம்பிடலாம். கடைசி நாள்ல பிசகினா லே டிக்கெட் போகும், டெல்லியில பிடிக்க வேண்டிய டிக்கெட்டும் சேர்ந்து போகும்.

அந்த ரோட்டுல தண்ணியும் ஒரு விஷயம். பனி உருகி வர்ற ஓடைகள் காலையில கணுக்கால் அளவுக்குத்தான் ஓடும். வெயில் ஏற ஏற மேல பனி கரைஞ்சு மத்தியானத்துக்கு அப்புறம் தண்ணி ஏறும். ஏரிக்கரையில நிதானமா டீ குடிச்சு, போட்டோ எடுத்து, பத்து மணிக்குக் கிளம்பறவங்க சரியா அந்த நேரத்துக்குத்தான் ஓடைகிட்ட வந்து நிப்பாங்க. ரெண்டு பேரா இருந்தா ஒருத்தர் இறங்கி ஆழம் பார்த்துச் சொல்லலாம். தனியா போறவங்களுக்கு அதுக்கும் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 2, காலை 9.50

பாங்காங்கை விடச் சொல்லலை, இடம் மாத்தச் சொல்றேன். நடுவுல வைங்க. லே வந்து முதல் ரெண்டு நாள் உடம்பு பழகறதுக்கு. அப்புறம் நுப்ரா, ஷயோக் ஆத்தை ஒட்டி பாங்காங், சாங் லா வழியா லே. ரெண்டு பெரிய கணவாயும் ஒரே சுத்துல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் மிச்சம் இருக்கற நாளெல்லாம் சிந்து பள்ளத்தாக்குல.

ஆகஸ்ட் 3, இரவு 10.30

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு, "பயமுறுத்தாதீங்க, நாங்க போனப்போ ரோடு கண்ணாடி மாதிரி இருந்துச்சு"ன்னு ஒருத்தர் சொல்றார். இருந்திருக்கும். எனக்கும் அப்படி அமைஞ்சிருக்கு. அமையாத ஒரு நாளைச் சொல்றேன்.

நுப்ராவிலிருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி கர்துங் லா கணவாய் ஏற வந்தேன். நார்த் புல்லு சோதனைச் சாவடியில எல்லா வண்டியையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. ராத்திரி மேல பனி கொட்டியிருக்கு, மண்ணும் சரிஞ்சிருக்கு, மெஷின் வேலை செய்யுது, எப்போ திறக்கும்னு தெரியாதுன்னு ஒரு ஜவான் சொன்னார். எனக்கு ஃபிளைட் மறுநாள் இல்லை, அதுக்கும் அடுத்த நாள். அதனால வண்டியை ஓரங்கட்டிட்டு, டென்ட் டீக்கடையில அடுப்புப் பக்கமா உட்கார்ந்து மேகி சாப்பிட்டேன். கையுறையை அடுப்புக்கு மேல காயப் போட்டேன். கடைக்கார அம்மா கம்பளி பின்னிட்டே கெட்டிலை நகர்த்தி நகர்த்தி வெச்சு, எல்லார் கப்பையும் காலியாகாம பார்த்துக்கிட்டாங்க. நல்ல காலைப்பொழுது அது.

என் எதிர்ல உட்கார்ந்திருந்த பையனுக்கு அப்படி இல்லை. மறுநாள் காலையில அவனுக்கு ஃபிளைட். நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துத் தூக்கிப் பிடிப்பான், டவர் இருக்காது, திரும்பப் பைக்குள்ள வைப்பான். டீ ஆறி மேல ஏடு கட்டிடுச்சு. பேர் கேட்டேன், பதில் சொன்னான், ஆனா என்னைப் பார்க்கலை, ரோட்டைத்தான் பார்த்தான். மத்தியானத்துக்கு மேல கேட் திறந்ததும் முதல் வண்டியா அவன் வண்டிதான் பாய்ஞ்சது, ஈரமும் சேறுமா இருக்கற ரோட்டுல. ஊர் போய்ச் சேர்ந்திருப்பான்னுதான் இன்னிக்கும் நம்பறேன்.

ரெண்டு பேருக்கும் ஒரே கணவாய், ஒரே பனி. டிக்கெட் தேதிதான் வேற.

ஆகஸ்ட் 4, காலை 6.20

ராத்திரி யோசிச்சதுல, "கடைசி நாள்ல கணவாய் வேண்டாம்"னு சொல்றது பாதிதான்னு தோணுது. முழுசா சொல்லணும்னா, கடைசிக்கு முந்தின ராத்திரி எங்க படுக்கறீங்கங்கறதுதான் கேள்வி. அந்தப் படுக்கைக்கும் ஏர்போர்ட்டுக்கும் நடுவுல கணவாய் இருக்கக் கூடாது. அது சரியா இருந்தா கடைசி நாள்ல நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டறதுல கூடத் தப்பில்லை.

சோ மோரிரி ஏரிக்குப் போயிட்டு வர்றவங்க முந்தின ராத்திரி சுமாதாங்ல தங்கலாம். அங்க வெந்நீர் ஊத்து இருக்கு. அங்கிருந்து லே 140 கி.மீ. அளவுல வரும், சிந்து ஆத்தை ஒட்டியே ரோடு. உப்ஷியில மணாலி ரோடு வந்து சேரும், அப்புறம் காரு, அப்புறம் லே. உயரமான கணவாய் எதுவும் குறுக்கே இல்லை. பாறை உருண்டு விழற இடங்கள் உண்டு, அதனால காலையிலயே கிளம்பிடணும்.

ஸ்ரீநகர் பக்கமிருந்து வர்றவங்களுக்கு ஆல்ச்சி. ஜோஜி லா, நமிகா லா, 4,108 மீட்டர் ஃபோட்டு லா, மூணு கணவாயும் முதுகுக்குப் பின்னாடி போயிடும். மிச்சம் 65 கி.மீ. ஆல்ச்சி மடத்துல சுவர் ஓவியங்கள் 800, 900 வருஷத்துக்கு முந்தினது, உள்ளே இருட்டு, டார்ச் அடிச்சுப் பார்க்கலாம், போட்டோ எடுக்க விட மாட்டாங்க. காலையில அதைப் பார்த்துட்டு நிம்மு வழியா மெதுவா வந்தா, கடைசி நாள்னு சொல்லிக்கற மாதிரி ஒரு நாள் அமையும்.

ஆகஸ்ட் 4, மதியம் 1.05

"ஹான்லே?"ன்னு ஒருத்தர் கேட்கறார். வானம் பார்க்கறதுக்குன்னே அங்க ஒரு இருள் வானச் சரணாலயம் இருக்கு, போக வேண்டிய இடம்தான். ஆனா அதுவும் நடுவுல. அங்கிருந்து ஒரே மூச்சுல லே வந்து மறுநாள் ஃபிளைட் பிடிக்கற வேலை வேண்டாம். ராத்திரி பூரா நட்சத்திரம் பார்த்த கண்ணோட அவ்வளவு தூரம் ஓட்டக் கூடாது.

ஆகஸ்ட் 6, இரவு 9.45

"லேயில உட்கார்ந்து வீணடிக்க மனசு வரலை"ன்னு கேட்டீங்களே, அதுக்கு வர்றேன். எனக்கு இதுதான் முக்கியம்.

தனியா ஓட்டற பயணத்துல அதுவரைக்கும் எல்லா நாளும் ஒரு இலக்கு இருக்கும். இருட்டறதுக்குள்ள அங்க போகணும், பெட்ரோல் இத்தனை இருக்கு, அடுத்த பங்க் எங்க இருக்கு, தலைவலி உயரத்தாலயா, தண்ணி குடிக்காததாலயா. மனசுல பாதி கணக்குலயே ஓடும். கடைசி நாள்லதான் கணக்கு இறங்கும். வண்டி கைக்கு முழுசா பழகியிருக்கும், உடம்பு காத்துக்குப் பழகியிருக்கும், படி ஏறினா மூச்சு வாங்காது. இந்த நிலைக்கு வர்றதுக்குத்தான் இத்தனை நாள் ஆச்சு. அந்த நாளைக் கொண்டு போய் சாங் லா மேல செலவழிச்சா, பள்ளத்தாக்கை இந்த நிதானத்தோட எப்போ பார்ப்பீங்க?

என் கடைசி நாள் எப்பவும் விடியலுக்கு முன்னாடி திக்ஸே மடத்துல தொடங்கும். லேயிலிருந்து 19 கி.மீ., ரோடு நல்லா இருக்கும். காலைப் பூஜைக்கு முன்னாடி மொட்டை மாடியில மஞ்சத் தொப்பி போட்ட ரெண்டு லாமாக்கள் வந்து நின்னு சங்கு ஊதுவாங்க. கீழ சிந்து ஓரமா பாப்ளர் மரங்களும் பார்லி வயலும் சாம்பல் நிறத்துல இருக்கும், ஊதி முடிக்கறதுக்குள்ள பச்சை தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் உள்ளே ஓதல். பார்க்க வர்றவங்க சுவர் ஓரமா உட்காரலாம். சின்னப் பசங்க பெரிய கெட்டிலைத் தூக்க முடியாம ரெண்டு கையால கட்டிப் பிடிச்சுட்டு ஓடி ஓடி வெண்ணெய் டீ ஊத்துவாங்க. உப்புக் கரிக்கும், மேல வெண்ணெய் மிதக்கும், குளிருக்கு அதை மாதிரி இல்லை. ஒரு தடவை என் ஹெல்மெட்டைப் பக்கத்துல வெச்சிருந்தேன். ஒரு பொடியன் கெட்டிலோட வந்து அதுக்கும் ஊத்தவான்னு சைகையில கேட்டான். பெரிய லாமா ஓதலை நிறுத்தாமலே சிரிச்சார்.

அங்கயே மைத்ரேய புத்தர் சிலை இருக்கு. 15 மீட்டர், ரெண்டு மாடி உயரம். மேல் மாடியில நுழைஞ்சா முகம் நேருக்கு நேரா இருக்கும். 1970-ல தலாய் லாமா வந்ததோட நினைவா செஞ்சது.

திரும்பற வழியில ஷே. ஒரு காலத்துல லடாக் ராஜாக்களோட கோடைத் தலைநகர். பாதி இடிஞ்ச அரண்மனைக்கு ஏற முதல் நாள்ல உயிர் போயிருக்கும், இப்போ சாதாரணமா ஏறிடுவீங்க. பத்து மணிக்கெல்லாம் லே வந்துடலாம். அதுக்கு மேல மனசு இருந்தா மேற்குப் பக்கம் நிம்மு, சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கற இடம், 35 கி.மீ.

ஆகஸ்ட் 6, இரவு 10.10

கலக்கற இடத்தைப் பத்தி ஒரு வார்த்தை. மேல ரோட்டுல வண்டியை நிறுத்தி போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க. கீழ இறங்குங்க. ரெண்டு ஆறும் சேர்ந்த உடனே கலக்காது. ஒண்ணு பச்சை, ஒண்ணு மண்கலங்கல், கொஞ்ச தூரம் ஒரு கோடு போட்ட மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடும். எந்த ஆறு எந்த நிறங்கறது பருவத்துக்குப் பருவம் மாறும். கோடைக்கு நடுவுல சன்ஸ்கார் சேறா வரும், குளிர் நெருங்கினா தெளிஞ்சிடும். அந்தக் கோட்டுல சின்னச் சின்னச் சுழி கிளம்பி, பச்சைக்குள்ள ஒரு விரல் அளவு பழுப்பு நுழைஞ்சு கரையும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். தண்ணிகிட்ட போகாதீங்க, இழுவை ஜாஸ்தி.

மத்தியானத்துக்கு மேல லேக்கும் நிம்முவுக்கும் நடுவுல இருக்கற சமவெளியில பக்கவாட்டுக் காத்து அடிக்கும், வண்டியை ஒரு பக்கமாத் தள்ளும். அதனால நிம்முவுக்குப் போறதா இருந்தா ரெண்டு மணிக்குள்ள திரும்பிடுங்க.

ஆகஸ்ட் 7, காலை 8.00

பெட்ரோல்: கடைசி நாள் டேங்க்கை ஃபுல் பண்ணாதீங்க. மிச்சப் பெட்ரோலுக்கு வாடகைக் கடையில காசு தர மாட்டாங்க. அன்னிக்கு ஓட்டப் போற தூரத்தைக் கணக்குப் போட்டு லேயிலயோ காருவுலயோ போட்டுக்கலாம்.

ஆகஸ்ட் 8, இரவு 11.20

வண்டியை ஒப்படைக்கறது. "சாயங்காலம் போய் சாவியைக் குடுத்தா போதும்ல"ன்னு கேட்டீங்க. சாயங்காலம்னா வெளிச்சம் இருக்கற சாயங்காலமா இருக்கணும். நாலு மணி.

எடுத்த அன்னிக்கே வண்டியை ஒரு சுத்து வீடியோ எடுத்திருப்பீங்க: டேங்க், சைலன்சர், க்ராஷ் கார்டு, இண்டிகேட்டர், டயர், ஓடோமீட்டர். குடுக்கற அன்னிக்கும் கடை வாசல்லயே அதே வரிசையில எடுங்க. அதுக்கு முன்னாடி வண்டியைக் கழுவிடுங்க. சேறு அப்பின வண்டியில பழைய கீறலும் புதுசு மாதிரி தெரியும், புதுக் கீறல் இருந்தா உங்களுக்கும் தெரியாது. ஒரு தடவை ஒரு கடையில, எடுக்கும்போதே இருந்த சைலன்சர் நெளிசலுக்கு என்கிட்ட காசு கேட்டாங்க. முதல் நாள் வீடியோவைத் திறந்து அந்த இடத்துல நிறுத்திக் காட்டினேன், பேச்சு அங்கயே முடிஞ்சது. சண்டையே இல்லை. இருட்டுல போயிருந்தா, காலையில ஃபிளைட்டுங்கற அவசரமும் சேர்ந்திருந்தா, கேட்டதைக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கணும்.

டெபாசிட்டா ஒரிஜினல் லைசென்ஸையோ ஆதாரையோ வாங்கி வெச்சிருப்பாங்க. அதைக் கையில வாங்கி, உங்க பேர்தானான்னு பார்த்து, பர்ஸுல வெச்ச பிறகுதான் சாவி. ஏர்போர்ட் வாசல்ல அடையாள அட்டை இல்லாம உள்ளே விட மாட்டாங்க. விடியற்காலையில எந்த வாடகைக் கடையும் திறந்திருக்காது.

இன்னொண்ணு சொல்லணும். சாவியைக் குடுக்கற நிமிஷம் சுலபமா இருக்காது. வண்டியை நிறுத்தின அப்புறமும் என்ஜின் ஆறற வரைக்கும் டிக் டிக்னு சத்தம் வந்துட்டே இருக்கும். கடைப் பையன் வந்து கொஞ்சமும் யோசிக்காம அதை மத்த வண்டிகளுக்கு நடுவுல தள்ளிட்டுப் போய் வரிசையில நிறுத்துவான். மறுநாள் அது வேற யாரோட வண்டி. அந்த நேரத்துல எனக்குத் தொண்டை அடைக்கும், அதை மறைக்கறதும் இல்லை. அதுக்கும் சேர்த்துத்தான் நாலு மணி சொல்றேன். குடுத்துட்டு மெயின் பஜார் வரைக்கும் நடந்து போக, வெளிச்சத்துல கொஞ்ச நேரம் வேணும். இத்தனை நாளா ஓட்டிட்டு திடீர்னு நடக்கறப்போ கால் தரையில பாவற விதமே வேறயா இருக்கும்.

ஆகஸ்ட் 10, காலை 7.30

பை கட்டறது. அதே நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.

விட்டுட்டு வர வேண்டியது: பெட்ரோல் கேன் (காலியா இருந்தாலும் வாடை இருந்தா ஏத்த விட மாட்டாங்க), செயின் லூப் ஸ்ப்ரே, கேம்பிங் கேஸ், லைட்டர், தீப்பெட்டி. லேயில எல்லாரும் வாங்கற குட்டி ஆக்சிஜன் டப்பாவும் விமானத்துல வராது. மிச்சம் இருந்தா தங்கின வீட்டுலயே குடுத்துடுங்க, அடுத்து வர்றவங்க யாருக்காவது ஆகும். கேனையும் ஸ்ப்ரேயையும் வாடகைக் கடையில சந்தோஷமா வாங்கிப்பாங்க.

ஸ்பேனர், கத்தி, பஞ்சர் கிட், காத்தடிக்கற பம்பு செக்-இன்ல போடணும். பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாம் கையில இருக்கற பையில. மாத்திப் போட்டா செக்-இன் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவாங்க, லே மாதிரி சின்ன ஏர்போர்ட்ல அது பெரிய தாமதம்.

எடை: உள்ளூர் ஃபிளைட்ல பொதுவா செக்-இன் 15 கிலோ, கையில 7 கிலோ. ரைடிங் ஜாக்கெட்டும் பூட்ஸும் பையில போனா பாதி எடையை அதுவே தின்னுடும். உடம்புல போட்டுக்கோங்க. முழங்கால் கார்டை மட்டும் கழட்டிப் பையில வைங்க, செக்யூரிட்டியில எப்படியும் கழட்டச் சொல்வாங்க. ஹெல்மெட்டுக்குள்ள சாக்ஸ், சார்ஜர் எல்லாம் அடைச்சுக் கையிலயே தூக்கிட்டுப் போறேன்.

ஆப்ரிகாட் வாங்கறதா இருந்தா கொட்டையோட காய வெச்சதை வாங்குங்க. பஜார்ல நடைபாதையில உட்கார்ந்து விக்கற பாட்டிகள்கிட்ட ரெண்டு மூணு வகை இருக்கும், ஒவ்வொண்ணா வாயில போட்டுப் பார்க்கச் சொல்வாங்க. அவசரமே இல்லாம பேசிட்டு நிக்கலாம், அதான் கடைசி சாயங்காலம்.

ஆகஸ்ட் 10, மாலை 6.15

"அவ்வளவு உயரம் போயிட்டு உடனே ஃபிளைட் ஏறினா உடம்புக்கு ஆகுமா?"

ஆகும். லே 3,500 மீட்டர். விமானத்துக்குள்ள காத்தழுத்தத்தை 8,000 அடி, அதாவது 2,400 மீட்டர் சொச்சத்துக்கு மேல போகாம வெச்சிருப்பாங்க. உடம்பைப் பொறுத்த வரைக்கும் லேயில ஏறி உட்கார்ந்து கதவை மூடினதுமே கீழ இறங்க ஆரம்பிச்சிடறீங்க. லேயில இறுக்கி மூடின காலி தண்ணி பாட்டில் டெல்லியில நசுங்கி இருக்கும், பாருங்க.

தலைவலியோ வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தா அது வேற பேச்சு. ஃபிளைட்டுக்குக் காத்திருக்காம அன்னிக்கே லே ஆஸ்பத்திரிக்குப் போங்க. தனியா போறவங்க இதைப் பொறுத்துக்கிட்டு ரூமுக்குள்ள படுத்துடக் கூடாது. தங்கற வீட்டுக்காரங்ககிட்ட சொல்லுங்க, அவங்க எத்தனையோ பேரைப் பார்த்தவங்க.

ஆகஸ்ட் 12, இரவு 10.00

டெல்லி கனெக்ஷன். இதை முதல்லயே எழுதியிருக்கலாம், இப்பவாவது வருது.

லே ஃபிளைட்டெல்லாம் பெரும்பாலும் காலையிலதான். மத்தியானம் மலைக்காத்து பலமாகும், சூடு ஏறினா காத்து இன்னும் லேசாயிடும். ஏற்கெனவே 3,256 மீட்டர்ல இருக்கற ஓடுபாதையில அது ரெண்டும் சேர்ந்தா விமானத்தைத் தூக்கறது கஷ்டம். 2024 ஜூலை கடைசியில வெயில் அதிகமாகி லே ஃபிளைட்டுகள் ரத்தானது செய்தியில வந்துச்சு. மேகம் இறங்கினாலும் ரத்து. காலையில போகலைன்னா அன்னிக்கே இன்னொரு ஃபிளைட் கிடைக்கறது சீசன்ல சிரமம்.

அதனால லே–டெல்லி, டெல்லி–சென்னை ரெண்டையும் ஒரே டிக்கெட்டா போடுங்க. ஒரே டிக்கெட்னா முதல் ஃபிளைட் ரத்தானா அடுத்ததையும் அவங்களே மாத்தித் தரணும். தனித்தனியா போட்டா ரெண்டாவது டிக்கெட் உங்க பாடு. தனித்தனியா ஏற்கெனவே போட்டாச்சுன்னா, டெல்லியிலிருந்து ராத்திரி ஃபிளைட்டுக்கு மாத்த முடியுமான்னு இப்பவே பாருங்க. டெல்லியில டெர்மினலும் மாற வேண்டி வரலாம், டிக்கெட்ல இருக்கும்.

வேற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு எடுக்கும். ப்ரீபெய்டு வெச்சிருக்கறவங்க டிக்கெட்டை பிரிண்ட் எடுத்து வெச்சுக்கோங்க. ஃபிளைட் நேரம் மாறினா வர்ற மெசேஜும் உங்களுக்கு வராது, ராத்திரி தங்கற இடத்து வைஃபையில ஒரு தடவை பார்த்துட்டுப் படுங்க.

ஆகஸ்ட் 12, இரவு 10.25

ஏர்போர்ட்டுக்குப் பேர் குஷோக் பகுலா ரிம்போச்சே. ஓடுபாதைக்கு மேல குன்றுல நிக்குதே ஸ்பிதுக் மடம், அதுக்குத் தலைமை லாமாவா இருந்தவர், பின்னாடி மங்கோலியாவுக்கு இந்தியத் தூதரா போனவர். கடைசி நாள் திக்ஸே வரைக்கும் போக முடியாத அளவு களைப்பா இருந்தா ஸ்பிதுக் போதும், ஊருக்குப் பக்கத்துலயே. காலையில போனா விமானங்கள் உங்க கால் மட்டத்துக்குக் கீழ இறங்கறதைப் பார்க்கலாம். ராணுவ இடம், ஓடுபாதைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீங்க.

ஆகஸ்ட் 15, காலை 11.00

ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: தனியா பொண்ணு, விடியற்காலை நாலரைக்கு டாக்சி, பயமில்லையா?

முந்தின சாயங்காலமே தங்கற வீட்டு அம்மாகிட்ட சொல்லிடு. தெரிஞ்ச டிரைவரை அவங்களே கூப்பிடுவாங்க. ஊருக்கும் ஏர்போர்ட்டுக்கும் தூரம் அதிகமில்லை. டிரைவர் பேரும் வண்டி நம்பரும் வீட்டுக்கு மெசேஜ் போடு. எழுப்பி விடவும் அவங்ககிட்டயே சொல்லு. தனியா இருக்கறப்போ அலாரத்தை மட்டும் நம்பாதே, அத்தனை நாள் களைப்பு கடைசி ராத்திரிதான் இறங்கும். நான் எப்பவும் கதவைத் தட்டச் சொல்லிட்டுத்தான் படுப்பேன். ஒரு அம்மா தட்டினதோட நிக்காம, வழியில சாப்பிடன்னு ரொட்டியைத் துணியில சுத்திக் கையில குடுத்து, டாக்சி வளைவு திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னாங்க.

ஆகஸ்ட் 18, இரவு 9.10

கேள்வி கேட்ட தம்பி பிளானை மாத்திட்டாராம். நுப்ரா, பாங்காங், லே, அப்புறம் ஆல்ச்சியில ஒரு ராத்திரி, கடைசி நாள் ஆல்ச்சி, நிம்மு, லே. நல்லா இருக்கு. திக்ஸேயை லே வந்த புதுசுல, உடம்பு பழகற நாட்கள்ல போயிட்டு வந்துடுங்க, படி மட்டும் மெதுவா.

ஆகஸ்ட் 19, காலை 8.45

சொந்த வண்டியில ஊரிலிருந்தே ஓட்டிட்டுப் போறவங்க ரெண்டு மூணு பேர் கேட்கறாங்க, வண்டியை அனுப்பிட்டு ஃபிளைட்ல திரும்பறது எப்படின்னு. அவங்களுக்குக் கடைசி நாள் லேயில இல்லை, சண்டிகர்லயோ டெல்லியிலயோ பார்சல் ஆபீஸ்லதான்.

நீங்க ஃபிளைட்ல வர்றதால லக்கேஜா போட முடியாது, அதுக்கு ரயில் டிக்கெட் வேணும். பார்சலாத்தான் போடணும். பார்சல்னா எந்த ரயில்ல இடம் இருக்கோ அதுல ஏறும், ஒரு நாள் ரெண்டு நாள் முன்னே பின்னே ஆகும். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேணும். டேங்க்ல ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழட்டி வெச்சுக்கோங்க. சாக்கு சுத்திக் கட்டற ஆட்கள் ஆபீஸ் வாசல்லயே இருப்பாங்க. ஹெட்லைட்டுக்கும் டேங்க்குக்கும் அட்டை வெச்சு, மேல சாக்குன்னு பக்கத்துல நின்னு சொல்லணும். எங்கிருந்து எங்க, யார் பேர், போன் நம்பர் எல்லாம் அட்டையில எழுதி ரெண்டு பக்கமும் கட்டணும். நியூட்ரல்ல விடுங்க, ஹேண்டில் லாக் போடாதீங்க. வண்டி மதிப்பைச் சொல்லி அதுக்கான கட்டணத்தைக் கட்டிடுங்க. சொல்லலைன்னா ஏதாவது ஆச்சுன்னா எடைக் கணக்குலதான் நஷ்டஈடு.

இதுக்கு அரை நாள் ஆகும். அதே நாள் ஃபிளைட் போடாதீங்க. காலையில பார்சல், மறுநாள் ஃபிளைட். மணாலியிலிருந்து ராத்திரி பூரா ஓட்டி வந்து நேரா பார்சல் ஆபீஸ்ல நிக்கறதும் வேண்டாம், முந்தின நாளே வந்து சேருங்க.

ஆகஸ்ட் 19, மதியம் 12.30

ரசீதை போட்டோ எடுத்து வெச்சுட்டு ஒரிஜினலையும் பத்திரமா கொண்டு வாங்க, சென்ட்ரல்ல அதைக் காட்டினாத்தான் வண்டி கிடைக்கும். வண்டி வந்து சேர்ந்த பிறகு எடுக்காம விட்டா மணிக்கணக்குல வார்ஃபேஜ், அதாவது அங்க வெச்சிருக்கறதுக்கான கட்டணம், ஏறும், அதனால ரயில்வே பார்சல் தளத்துல ரசீது நம்பரைப் போட்டுத் தினமும் பாருங்க. எடுக்கப் போறப்போ சாக்கை அறுக்கக் கத்தி, கண்ணாடி மாட்ட ஸ்பேனர், கூட ஒரு ஆள். டேங்க் காலியா இருக்கறதால பங்க் வரைக்கும் தள்ளணும்.